தலைமை வடிகட்டி

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கப்புறம் வெகுகாலம் உருப்படியாக ஒன்றும் செய்யாமல் பொழுதை ஓட்டிவிட்டு, கடைசியில் ஃபில்டரைக் கண்டுபிடித்தது. இயற்கை செய்து வைத்திருக்கும் தவறுகளையெல்லாம் மவுஸின் ஒரே தட்டலில் திருத்தும் இந்த மாபெரும் சாதனத்துக்கு எங்கள் நகரத்தில் முதன்முதலில் வேலை கொடுத்தவன் அடியேன்தான் என்பதைத் தன்னடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். தன்னடக்கம் எனக்கு ரொம்பவே அதிகம். அதற்கும் ஒரு ஸ்லைடர் இருந்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன்.

நான் வேலை பார்ப்பது நகர எழில் துறையில், படச் செம்மைப் பிரிவில். நகரத்தின் மலை, ஏரி, பூங்கா முதலான 'எழில்களை'ப் படமெடுத்து, செம்மைப்படுத்தி, நாட்காட்டியாகவும் சுவரொட்டியாகவும் வெளியிடுவது எங்கள் பணி. பிரிவு என்றதும் பெரிய கூடத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. அதில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு கேமரா, ஒரு மேசை விசிறி, நான். யாராவது மாடி ஏறினால் தலைக்கு மேலே தடதடவென்று இடி இடிக்கும். படத்தில் மழைமேகம் சேர்க்கிற நாட்களில் அது எனக்குத் தனி உற்சாகம்.

எங்கள் துறைத் தலைவருக்கு அலுவலகம் சூட்டியிருக்கும் பட்டம் 'தூக்கல் சார்'. எந்தப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினாலும் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. கலரை மட்டும் கொஞ்சம் தூக்கலாப் போடு" என்பார். தூக்கலாகப் போட்டுக்கொண்டு போனால், "இன்னும் கொஞ்சம்" என்பார். வானம் அலறும்வரை விட மாட்டார். கலைக் கண் என்பது அதுதான்.

ஃபில்டர் வந்த புதிதில் நான் செய்த பரிசோதனைகளை வருங்காலம் பேசும் என்பதால் சிலவற்றை மட்டும் குறிப்பிடுகிறேன்.

ஊருக்குப் பின்னால் ஒரு மலை இருக்கிறது. சரியாகச் சொன்னால் பாதி மலை. மீதியைக் கல் உடைக்கிறவர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நாட்காட்டிக்கு அரை மலையை எப்படிப் போடுவது என்று எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, நான் 'கண்ணாடிப் பிம்பம்' என்ற ஃபில்டரைத் தட்டினேன். இருந்த பாதி அப்படியே பிரதியாகித் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது. மலை முழுசாகிவிட்டது! தூக்கல் சார் என் முதுகில் தட்டினார்.

"அவங்க உடைச்சுக்கிட்டே இருக்கட்டும். நீ ஒட்டிக்கிட்டே இரு."

நகர வளர்ச்சியையும் இயற்கைப் பாதுகாப்பையும் இவ்வளவு சுருக்கமாக இணைத்தவர் வேறு யாரும் இருக்க முடியாது.

அடுத்தது குப்பைமேடு. அதற்கு 'இலையுதிர் காலம்' போட்டேன். பிளாஸ்டிக் பைகள் எல்லாம் பொன்னிறச் சருகுகளாகிக் காற்றில் மிதந்தன. சுவரொட்டி வெளியான மறுநாளே ஒரு பெண்மணி போன் செய்தார்.

"சார், அந்த மஞ்சள் குன்று எங்க இருக்கு? குடும்பத்தோட போகணும்."

"உங்க வீடு எங்கம்மா?"

சொன்னார்.

"கொல்லைக் கதவைத் திறந்து பாருங்க. அதேதான்."

அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டே 'அப்படியா' என்று சொன்னது போனிலேயே தெரிந்தது.

வானத்தை மாற்றும் ஃபில்டரில் மட்டும் ஒருமுறை கை தவறிவிட்டது. பழைய சூரியனை எடுக்க மறந்து புதிய சூரியனைப் போட்டுவிட்டேன். நாட்காட்டியில் ஒரே வானத்தில் இரண்டு சூரியன். அச்சாகிவிட்டது. நாட்காட்டியைக் கொண்டுபோய் நீட்டினேன். தூக்கல் சார் படத்தை ஆர அமரப் பார்த்தார்.

"மத்த ஊர்ல எத்தனை இருக்கு?"

"ஒன்னுதான் சார்."

"அப்ப நாம முன்னேறிட்டோம்னு அர்த்தம்."

இப்படிப் பொற்காலம் போய்க்கொண்டிருக்கையில்தான் அந்த மாதாந்திர மீட்டிங் வந்தது.

எங்கள் மீட்டிங்குகளில் ஏரிப் பொறியாளர் என்று ஒருவர் ஓரமாக உட்கார்ந்திருப்பார். நகரத்தின் குழாய்களுக்கெல்லாம் ஏரியிலிருந்துதான் தண்ணீர் போகிறது. அந்த ஏரி அவர் பொறுப்பு. ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னப் பாட்டிலில் ஏரித் தண்ணீர் வைத்திருப்பார். மேசைமீது அதை எடுத்து வைப்பார். தூக்கல் சார் உடனே தன்னுடைய மினரல் வாட்டர் பாட்டிலைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வார். பாட்டில்களுக்கிடையே தொற்று வந்துவிடக் கூடாதல்லவா?

அன்று பொறியாளர் எழுந்து நின்றே பேசினார்.

"சார், இனிமே தள்ளிப்போட முடியாது. ஏரிக்கு உடனே ஃபில்டர் போட்டாகணும்."

தூக்கல் சாரின் முகம் மலர்ந்தது.

"ஏன்யா, இவ்வளவு நல்ல யோசனையை இத்தனை நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"நான் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டுதான் சார் இருக்கேன்."

"என்கிட்ட இப்படிப் பளிச்சுன்னு கேட்டிருக்கணும்." என் பக்கம் திரும்பினார். "என்னப்பா, ஏரிக்கு ஃபில்டர் போட முடியுமா?"

"தாராளமா சார்."

"எப்ப முடியும்?"

"மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சுடறேன் சார்."

பொறியாளர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"மத்தியானத்துக்குள்ளயா? பெரிய ஏரிங்க அது!"

"எவ்வளவு பெரிசா இருந்தா என்னங்க? ஒரு தட்டு தட்டினா மொத்தமும் மாறிடும்."

"அடித்தளம்லாம் வேண்டாமா?"

"அடியில ஒரு லேயர் போட்டுக்குவேன்."

"ஆமா, லேயர் லேயராத்தான் போடணும்." அவர் குரலில் மரியாதை ஏறிவிட்டது. "முதல்ல மணல். அதுக்கு மேல கரி."

நான் குறித்துக்கொண்டேன். 'மணல்' என்பது படத்துக்குப் பொடிப்பொடியான சொரசொரப்பைக் கொடுக்கும் ஃபில்டர். 'கரி' என்பது கரிக்கட்டியால் வரைந்தது போன்ற தோற்றம் தருவது. பொறியாளருக்கு இவ்வளவு கலை ரசனையா என்று வியந்துபோனேன்.

"மணல், கரி ரெண்டுமே என்கிட்ட கைவசம் இருக்குங்க."

"இருக்கா! எங்க வச்சிருக்கீங்க?"

"மாடிப்படிக்கு அடியில."

அவர் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். "உங்களை மாதிரி ஒருத்தர் இந்த ஆபீஸ்ல இருக்கார்னு தெரியாமப் போச்சே" என்று தழுதழுத்தார். ஓர் அலுவலகத்தின் இரண்டு பிரிவுகள் ஒன்றையொன்று இவ்வளவு முழுமையாகப் புரிந்துகொண்ட காட்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் எங்கள் சொல் அதிகாரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அலுவலகக் காகிதங்களில் பிறமொழிச் சொல் எதுவும் நுழைந்துவிடாமல் வாசலில் நின்று தடுப்பது அவர் வேலை. 'ஃபில்டர்' என்று நான் எழுதியதைப் பார்த்ததும் அவருக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. தண்ணீர் குடித்துத் தெளிந்த பிறகு, அதை அடித்துவிட்டு 'வடிகட்டி' என்று திருத்தினார். ஆகவே மீட்டிங்கின் தீர்மானம் இவ்வாறு பதிவாயிற்று: 'நகர ஏரிக்கு வடிகட்டி இட ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது. மேற்படி பணி பிற்பகலுக்குள் முடிக்கப்படும்.'

முடிக்கப்பட்டது.

ஏரிக்கரையில் போய்ப் படமெடுத்து வந்தேன். ஏரி தன் வழக்கப்படி பாசி பூத்துக் கிடந்தது. மதகு ஓரமாக நுரை. நடுவில் ஓர் ஒற்றைச் செருப்பு மிதந்துகொண்டிருந்தது. அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். மணல் போட்டேன், கரை முழுக்கக் கடற்கரையாகிவிட்டது. கரி போட்டேன்; கரையோர மரங்களுக்கு ஓவியக் களை வந்தது. நுரையை 'பனிப்புகை' ஆக்கினேன். ஒற்றைச் செருப்பை அன்னப்பறவை ஆக்கினேன். அதன் வார் அறுந்திருந்ததால் கழுத்து தானாகவே அமைந்துவிட்டது. தூக்கல் சார் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"நீலம் பத்தாதுப்பா."

தூக்கினேன்.

"இன்னும்."

தூக்கினேன்.

"தண்ணிக்கு அடியில கல்லு தெரியணும்."

ஏரிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. ஆகவே கூழாங்கற்களை என் சொந்தப் பொறுப்பில் போட்டேன்.

மறுநாள் காலை பொறியாளர் வியர்க்க விறுவிறுக்க வந்தார். பாண்ட் முழங்கால்வரை நனைந்திருந்தது.

"எங்கங்க போட்டிருக்கீங்க? கரையைச் சுத்திச் சுத்தி வந்துட்டேன். மதகுக்குள்ள இறங்கிப் பார்த்துட்டேன். ஒன்னையும் காணோமே?"

நான் பெருமையுடன் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினேன்.

அவர் திரையை விரலால் தொட்டு, விரலில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார். கலையின் முன் சிலர் குழந்தையாகிவிடுவது உண்டு.

"இது படம்ங்க."

"ஆமாங்க."

"தண்ணி?"

"தண்ணியைத்தான் பாருங்களேன்! அடியில கல்லு தெரியுது."

"அது குழாயில வராதே!"

சத்தம் கேட்டுத் தூக்கல் சார் வந்தார். "எல்லாமே குழாயில வரணும்னா எப்படிங்க? கொஞ்சம் ரசனையும் வேணும்" என்று தன்மையாகச் சொல்லிப்பார்த்தார். பொறியாளர் கேட்கவில்லை. மறுபடி ஃபில்டர் வேண்டும் என்று மனுப் போட்டார். உடனடியாகப் பதில் போயிற்று: 'மேற்படி ஏரிக்கு ஏற்கெனவே வடிகட்டி இடப்பட்டுவிட்டபடியாலும், ஒரே ஏரிக்கு இரு வடிகட்டிகள் இடுவது ஆடம்பரம் என்பதாலும், தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.' எங்கள் துறை சிக்கனத்துக்குப் பேர் போனது.

அன்று மாலை நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். எனக்கு இருப்பது ஒரே அக்கா. ஏரிக்கரைத் தெருவில் (பெயர்தான் அப்படி, ஏரி ஊருக்கு அந்தப் பக்கம்) சலவைக் கடை வைத்திருக்கிறாள். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கடையில் இரண்டு பெரிய மெஷின், ஓர் உலர்த்தும் மெஷின், நீராவி இஸ்திரிப் பெட்டி. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் நர்சுகளின் வெள்ளை உடைகளும்தான் அவளுக்கு நிரந்தர வேலை. அதை வைத்துத்தான் வீடு ஓடுகிறது.

ஏரித் தண்ணீருக்கு ஒரு குணம். குழாயில் வரும்போது பரம சாதுவாக வரும். சூடாக்கி வெள்ளைத் துணியில் ஏற்றினால்தான் சுயரூபம் காட்டும். விரிப்பு லேசாகப் பச்சை தட்டுகிறது என்று ஆஸ்பத்திரி ஒருமுறை எச்சரித்துவிட்டது. இன்னொரு முறை அப்படி வந்தால் வேறு கடைக்குப் போய்விடுவோம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து மாமா தினமும் வேனில் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு, ஊருக்கு வெளியே ஒரு கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தார். நான் போனபோது இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு குப்புறப் படுத்திருந்தார்.

"இனிமே பீப்பாய் தூக்க வேண்டாம் மாமா. ஏரிக்கு ஃபில்டர் போட்டாச்சு."

அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"யாருடா போட்டா?"

"நான்தான். என் கையால போட்டேன்."

"நிஜமாவா?"

"மீட்டிங்ல முடிவாகி எழுத்துலயே வந்தாச்சு அக்கா. மணல், கரி எல்லாம் போட்டு. ஏரியைப் பார்த்தா நீ அசந்து போயிடுவே. அடியில கல்லு தெரியுது."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

அக்காவின் முகத்தை அப்படி நான் பார்த்து ரொம்ப காலம் ஆகிறது. "பார்த்தீங்களா? என் தம்பியை ஒன்னுக்கும் உதவாதவன்னு சொல்லிக்கிட்டே இருப்பீங்களே!" என்று மாமாவைப் பார்த்துக் கத்தினாள். மாமா படுத்தபடியே என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அன்று எனக்கு அந்த வீட்டில் நடந்த உபசாரம் கொஞ்சநஞ்சமல்ல. மாமாவின் நாற்காலியைக் கொடுத்தார்கள்.

இதற்கிடையில் அந்தப் படம் உலக நிலக்காட்சிக் கழகம் நடத்திய போட்டிக்குப் போய், 'ஆண்டின் நீல ஏரி' விருதை வாங்கிவிட்டது. அலுவலகமே குதித்தது. தூக்கல் சார் மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாக ஏறினார். என் தலைக்கு மேல் புயல் மழை. ஆனால் கடிதத்தின் கடைசி வரியைப் படித்தவுடன் குதித்தவர்கள் எல்லாம் அந்தரத்திலேயே நின்றார்கள். விருதுக் குழு நேரில் வந்து, ஏரிக்கரையிலேயே விருதை வழங்கப் போகிறதாம்.

அவசர மீட்டிங் கூடியது.

"படத்துல ஒரு குறையும் இல்லை" என்று தூக்கல் சார் ஆரம்பித்தார். "ஏரிதான் படம் மாதிரி இல்லை. தப்பு ஏரி மேலதான். இப்ப அதை எப்படித் திருத்தறது?"

ஏரிப் பொறியாளர் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"ஃபில்டர் போடலாம் சார்."

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "அதான் போட்டாச்சே!" என்றார் சொல் அதிகாரி கண்ணைத் துடைத்தபடி. பொறியாளர் தன் பாட்டிலைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். நகைச்சுவை உணர்வு எல்லோருக்கும் வாய்த்துவிடாது.

வழியை நான்தான் கண்டுபிடித்தேன். படத்தை ஏரி அளவுக்குப் பெரிதாக அச்சடித்து, ஏரிக்கு முன்னால் கட்டிவிடுவது. விருந்தினர் வரும் பஸ்ஸின் ஜன்னல்களுக்கு நீலக் காகிதம் ஒட்டிவிடுவது. வழியெல்லாம் ஊரே நீலமாகத் தெரியும். ஏரி வரும்போது கண் பழகிப்போயிருக்கும். நீலத்துக்கு எடுப்பாக இருப்பது வெள்ளை என்பதால், விழாவில் மேசை விரிப்பு, நாற்காலி உறை, ஊழியர் சீருடை எல்லாம் வெள்ளை. அத்தனையையும் சலவை செய்து தரும் வாய்ப்பு, என் சிபாரிசின் பேரில், அக்காவின் கடைக்கு.

"டேய், இவ்வளவு பெரிய வேலையா!" அக்காவுக்குக் கைகால் ஓடவில்லை. "ஆஸ்பத்திரித் துணியும் அதே நாள் குடுக்கணுமே. மொத்தத்தையும் சேர்த்தே போட்டுடறேன். கேட்கறேன்னு தப்பா நினைக்காதே. எதுக்கும் இருக்கட்டும்னு மாமா இன்னும் கிணத்துத் தண்ணிதான் கொண்டுவர்றார். குழாய்த் தண்ணியையே விட்டுடலாம்ல?"

"கண்ணை மூடிக்கிட்டு விடு அக்கா."

விட்டாள்.

விழா நாள் காலை. ஏரியின் முன்னால் படத்து ஏரி தகதகவென்று நின்றது. அசல் ஏரி அதன் முதுகுக்குப் பின்னால் அடக்கமாக இருந்தது. வாடை மட்டும் கொஞ்சம் முன்னால் வந்துகொண்டிருந்தது. மூக்குக்கு இன்னும் ஃபில்டர் வரவில்லை; எதிர்காலம் இருக்கிறது. மாமாவின் வேன் வந்து நின்றது. அக்கா இறங்கினாள். ஒரு மூட்டையை அவிழ்த்து ஒரு மேசை விரிப்பை உதறிப் பிடித்தாள்.

"டேய். இது என்ன கலர்?"

தொழில் சம்பந்தமான கேள்வி என்பதால் நான் உற்றுப் பார்த்தேன்.

"பாசிப்பச்சை, அக்கா. செறிவு கொஞ்சம் தூக்கல்."

"பச்சைப் பொய்னு சொல்லிக் கேள்விப்பட்டிருக்கேன்டா. இன்னிக்குத்தான் கண்ணால பார்க்கறேன்."

"அக்கா, நான் ஃபில்டர்..."

"எங்கடா போட்ட?"

நான் கையை நீட்டிக் காட்டினேன். அவள் அந்தப் பிரம்மாண்டமான நீலத்தைப் பார்த்தாள். அன்னப்பறவையைப் பார்த்தாள். பக்கவாட்டில் நடந்துபோய், அதன் பின்னால் இருந்ததையும் பார்த்தாள். திரும்பி வந்தபோது வெளுத்து வாங்குவாள் என்று நினைத்தேன். துணியை வெளுக்கிறவள் என்னை வெளுக்கவில்லை. "ஆஸ்பத்திரி விரிப்பும் எல்லாம் இதே கலர்தான்" என்று மட்டும் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். நான் விரிப்பைத் திருப்பி மறுபக்கத்தைப் பார்த்தேன். அந்தப் பக்கமும் அதே கலர்.

அதற்குள் பஸ் சத்தம் கேட்டது. "எடுத்து மாட்டுங்கய்யா!" என்று தூக்கல் சார் அலறினார். ஊழியர்கள் பச்சைச் சீருடைக்குள் நுழைந்தார்கள். தூக்கல் சாரின் வெள்ளைக் கோட்டும் அதே சலவையில் போயிருந்தது. வரிசையாக நிற்கும்போது ஏரியே எழுந்து நின்று விருந்தினரை வரவேற்பது போல இருந்தது.

குழுத் தலைவி பஸ்ஸிலிருந்து இறங்கி, அப்படியே நின்றுவிட்டார்.

"ஆகா! நீல ஏரி, பச்சை உடை! இயற்கையோட இப்படி ஒன்றிப்போன ஒரு அலுவலகத்தை நான் எங்கயும் பார்த்ததில்லை. இது எந்தச் சாயம்?"

"ஏரியில இருந்து எடுத்ததுங்க" என்றார் தூக்கல் சார் சட்டென்று. எங்கள் துறையின் வரலாற்றில் அவர் சொன்ன முதல் உண்மை அது. தலைவி உடனே தன் உதவியாளரிடம் 'இயற்கைச் சாய விருது' ஒன்றையும் இந்த ஊருக்கே எழுதிக்கொள்ளச் சொன்னார்.

விருதை அவர் நீட்ட, தூக்கல் சார் கையை நீட்ட, அந்த நேரம் பார்த்துத்தானா காற்றடிக்க வேண்டும்? படத்து ஏரியின் ஒரு பக்கக் கயிறு அறுந்து, நீலம் முழுவதும் திரை போலச் சுருண்டது. பின்னால் நுரையும் பாசியும் ஒற்றைச் செருப்புமாக அசல் ஏரி எல்லோரையும் பார்த்தது.

"அது... என்ன?" என்றார் தலைவி.

என் சாயமும் துறையின் சாயமும் அன்றே வெளுத்திருக்க வேண்டும். ஆனால் தூக்கல் சார் சாதாரண மனிதர் இல்லை.

"அதுங்களா? அது 'முன்'."

"முன்னா?"

"ஃபில்டர் போடறதுக்கு முன்னாடி ஏரி எப்படி இருந்துச்சுன்னு மக்கள் மறந்துடக் கூடாதுல்ல? நினைவுக்காகப் பக்கத்துலயே வச்சிருக்கோம். இந்தப் படம் 'பின்'. அந்தப் பக்கம் 'முன்'."

கூட்டம் ஒரு கணம் யோசித்தது. பிறகு கைதட்டல் வானைப் பிளந்தது. அசல் ஏரியை மாதிரிக்காக வைத்திருக்கும் தொலைநோக்கை வியந்து தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பூசி மெழுகுவது என்று இதைச் சிலர் ஏளனமாகச் சொல்லலாம். மெழுகுவதற்கும் கைப்பக்குவம் வேண்டும்.

அக்காவுக்கும் நான் என்னாலானதைச் செய்தேன். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. பச்சை விரிப்புகளை அடுக்கி வைத்துப் படமெடுத்து, 'தூய வெண்மை' போட்டு, நட்சத்திர மினுக்கல் இரண்டு வைத்து, ஆஸ்பத்திரி மேலாளருக்கு அனுப்பிவிட்டு, நேரில் போய் நின்றேன்.

"பாருங்க சார், எவ்வளவு வெள்ளை!"

"படம் நல்லா இருக்குங்க" என்றார் அவர். "ஆனா நோயாளியைப் படத்து மேல படுக்க வைக்க முடியாதே."

குறுகிய மனம். வேலை வேறு கடைக்குப் போய்விட்டது. அக்கா எனக்குத் தண்ணீர் தெளித்து விட்டுவிட்டாள். அந்தத் தண்ணீரும் ஏரித் தண்ணீர்தான். என் சட்டையில் இன்னும் கறை இருக்கிறது.

விருதுகளைத் தொடர்ந்து எனக்குப் பதவி உயர்வு வந்தது. மாடிப்படிக்கு அடியிலிருந்து மாடிக்கே போய்விட்டேன். இப்போது என் காலடிச் சத்தம் கீழே யாருக்கோ இடியாகக் கேட்கும். புதிய பதவிக்கு 'சீஃப் ஃபில்டர் ஆபீசர்' என்று தூக்கல் சார் பெயர் வைக்க, சொல் அதிகாரி அதைச் செம்மைப்படுத்தினார். கதவுக்கு வெளியே அகலமான பலகை. அதில் தங்க எழுத்தில்: 'தலைமை வடிகட்டி'.

பலகை மாட்டிய அன்றே அக்கா வந்தாள். எழுந்து போய் வாசலிலேயே வரவேற்றேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மெஷின்களை விற்றாகிவிட்டதாம். வெளியூரில் ஒரு சலவைத் தொழிற்சாலையில் அவளுக்கும் மாமாவுக்கும் கூலி வேலை கிடைத்திருக்கிறதாம். கீழே வேன் நின்றுகொண்டிருந்தது. மாமா மேலே வரவில்லை.

"கடையை ஒரு படம் எடுத்துக் குடுடா. கொண்டுபோய் வச்சுக்கறேன்."

எனக்கு அவ்வளவு சந்தோஷம். முந்தின நாளே எடுத்திருந்தேன், அடுத்த வருட நாட்காட்டிக்காக. இழுத்துச் சாத்திய கடைக்கதவுக்கு 'பொன்மாலை' போட்டிருந்தேன். துரு முழுவதும் தங்கமாக மின்னியது. வாசலில் இல்லாத பூச்செடிகள் பூத்திருந்தன. அவள் பார்த்தாள்.

"இது இல்லைடா. என் கடை. ஃபில்டர் இல்லாம."

நான் அசல் படத்தைத் தேடினேன். ஃபில்டர் போட்டதும் அசலை அழித்துவிடுவது எங்கள் பிரிவின் வழக்கம். இடத்தை அடைக்கும், யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

"அது இல்லையே அக்கா."

அவள் தலையை ஆட்டினாள். கதவுவரை போனவள், பலகைக்கு முன்னால் நின்றாள். எழுத்துக் கூட்டுவது போல நிதானமாகப் படித்தாள்.

"பலகை நல்லா இருக்குடா தம்பி. எழுதினவர் அவசரத்துல கொஞ்சம் விட்டுட்டார்."

"என்ன விட்டுட்டார் அக்கா?"

"'வடிகட்டி'க்கு அப்புறம் ஒரு 'ன' போடணும். அதுக்குப் பக்கத்துல 'பொய்யன்'னு போடணும்."

படியிறங்கிப் போய்விட்டாள். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

நான் ஸ்கேலை எடுத்துவந்து பலகையை அளந்து பார்த்தேன். இடம் இருக்கிறது.